ரெண்டு விசில்

பஸ் நிறைந்துவிட்டது, கதவு சாத்தியாகிவிட்டது, திரையின் ஓரத்தில் ஒரு பச்சை அம்பு மின்னி மின்னிப் போ போ என்கிறது. ஆனாலும் பெரியண்ணன் வண்டியை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? இன்னும் விசில் வரவில்லையே. நாமக்கல்லுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டி ஓட்டிப் பழகிய உடம்பு அது. ஒரு விசில் கேட்டால் கை தானாக இடது பக்கம் ஒடித்து ஓரம் கட்டும், கால் பிரேக்குக்குப் போகும். ரெண்டு விசில் கேட்டால் கை கியருக்குப் போகும். நடுவில் மூளைக்கு ஒரு வேலையும் கிடையாது. கலெக்டரே வந்து கும்பிட்டுக் கேட்டாலும் ரெண்டு விசில் இல்லாமல் வண்டி நகராது. இந்த விளையாட்டைச் செய்த புண்ணியவானோ, பஸ்ஸை வைத்தான், பயணிகளை வைத்தான், மழையை வைத்தான், மழையைத் துடைக்க வைப்பரைக்கூட வைத்தான், கண்டக்டரை மட்டும் வைக்க மறந்துவிட்டான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? முதல் நாள் இப்படித்தான் விசிலுக்குக் காத்துக் கிடந்து, பயணிகளெல்லாம் முகம் சிவந்து ஒவ்வொருத்தராக இறங்கிப் போய், நேரம் முடிந்தது என்று திரை கறுத்துப்போனது. இதோ இப்போது அடுப்படியில் குக்கர் முனகி முனகி ஒரு விசில் விட்டது. பெரியண்ணனின் வலது கால் சட்டென்று தரையை மிதித்தது. நிற்கிற வண்டிக்கு எதற்குப் பிரேக்? அவருக்கே சிரிப்பு வந்தது. மறுபடி ஒன்று. சரி, ரெண்டாச்சு, போதும் என்று கட்டைவிரல் பச்சை அம்பை அழுத்த, வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. "ஏனுங், கடலைக்காய் வேகறதுக்குள்ள இன்னும் நாலஞ்சு விசில் உடோணும். ஒவ்வொண்ணுக்கும் நீங்க ஒதைச்சீங்கன்னா தரை பேந்துக்கும்" என்று உள்ளேயிருந்து தங்கமணி சத்தம் போட்டாள். கட்டிய மனைவி சொல்வதற்குப் பதில் சொல்லலாம்தான், ஆனால் ஓட்டும்போது டிரைவரிடம் பேசக் கூடாது என்று எல்லா பஸ்ஸிலும் எழுதித்தானே போட்டிருக்கிறது.

கடலைக்காய் செங்கோடனுக்காக வேகிறது. டீ நேரத்துக்கு வந்துவிடுவான். செங்கோடன் அவருடைய கண்டக்டர். அவர் ஸ்டியரிங் பிடித்த வண்டியில் பை மாட்டியவன் ரொம்ப வருஷமாக அவன்தான், மலை ரூட்டில் அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே கேலி பேசுவார்கள். வருவான், கடலையை உரிப்பான், உரித்துக்கொண்டே கேட்பான், "என்னங்ணா, மேனேஜர்கிட்ட என்னன்னு சொல்லட்டும்?" இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். இடது கை எலும்பு கூடிவிட்டது, உள்ளே வைத்த பிளேட் நன்றாகப் பிடித்துக்கொண்டது, தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. ஆனாலும் விபத்தில் அடிபட்ட மனுஷன் என்று டிப்போ மேனேஜர் பெரிய மனசு பண்ணியிருக்கிறார். இஷ்டமிருந்தால் பழையபடி மலை ரூட். இல்லையா, கேட்டில் லைட் டூட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். எது வேண்டும் உனக்கு, பெரியண்ணா? இந்தக் கேள்வி வந்தாலே மனசு நைசாக நழுவி விளையாட்டுக்குள் ஓடிவிடுகிறது. ஓடட்டும். விளையாட்டு என்ன லேசுப்பட்ட சமாச்சாரமா? கட்டுப் பிரித்த புதிதில், ரெண்டு கையிலும் எதையாவது பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழகச் சொன்னாள் பிசியோதெரபி பெண். தங்கமணி முறத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். முறத்தை எத்தனை நேரம்தான் திருப்புவது, பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஈரோட்டில் காலேஜ் படிக்கிற மகள் மௌனிகா லீவுக்கு வந்தவள், "இந்தாங்ப்பா, இதைத் திருப்புங்க" என்று தன் பழைய டேப்லெட்டில் விளையாட்டு விளையாட்டாக இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆம்பளை பகல் முழுக்க உட்கார்ந்து விளையாடுகிறானே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். டாக்டர் சொன்ன மருந்து இது, தெரியுமா?

முதலில் ஓடுகிற பெண் வந்தாள். சந்தைக்குள் ஒரு பெண் தலைதெறிக்க ஓடுகிறாள், பின்னால் ஒரு காளை. தக்காளிக் கூடையைத் தாண்ட வேண்டும், கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் சறுக்க வேண்டும். பெரியண்ணனுக்கு மூச்சு வாங்கியது, ஓடுவது அவளா இவரா என்றே தெரியவில்லை. "கண்ணு, இது எங்க போயி நிக்கும், கடைசி ஸ்டாப் எது?" என்று மகளைப் போனில் கேட்டார். "கடைசின்னு ஒண்ணும் இல்லீங்ப்பா. சாகற வரைக்கும் ஓடோணும், அவ்வளவுதான்" என்றாள். அட, நம்ம பொழப்புத்தானா இது! அதோடு அவளைக் காளையிடமே விட்டுவிட்டார். அப்புறம் இனிப்புக்கடை. சிவப்பு ஜிலேபி, மஞ்சள் லட்டு, பச்சையாக ஏதோ ஒன்று, ஒரே நிறத்தில் வரிசை சேர்ந்தால் பொலபொலவென்று உதிரும். உதிரும்போது வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும், அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தங்கமணி, "இங்க குடுங்க, மஞ்சளை நவுத்தாம சும்மா இருக்கறீங்க" என்று வாங்கினாள், அதன் பிறகு இனிப்புக்கடை அவள் கைக்குப் போய்விட்டது, இப்போது அவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்பதைக்கூட இவருக்குச் சொல்வதில்லை. அப்புறம் தோட்டம். கத்தரி நட்டால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காய்த்துவிடும். பண்ணையக்காரர் வீட்டுப் பெண்ணல்லவா தங்கமணி, பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "பூச்சி இல்ல, வறட்சி இல்ல, வந்து அடிமாட்டு வெலைக்குக் கேக்க யாவாரி இல்ல. இதெல்லாம் ஒரு பண்ணையமா?" என்றாள். சொன்னவள்தான் விடியற்காலையில் பல் விளக்கும் முன்னே எழுந்து கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்ததை இவர் போர்வைக்குள்ளிருந்து பார்த்தார். கேட்கவில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே.

துப்பாக்கி விளையாட்டை நினைத்தால் இப்போதுகூட உடம்பு சிலிர்க்கிறது. விமானத்திலிருந்து தீவில் குதிக்க வேண்டும், குதித்ததும் எல்லாரும் துப்பாக்கி தேடி நாலாபக்கமும் ஓடுகிறார்கள். பெரியண்ணன் கண்ணுக்குப் பட்டது ஒரு ஜீப். துப்பாக்கி எதற்கு, ஜீப் இருக்கிறதே! ஏறினார், சாவி கேட்கவில்லை, பேப்பர் கேட்கவில்லை, டீசல் இருக்கிறதா என்று பார்க்கக்கூட வேண்டாம், விர்ரென்று கிளம்பியது. இடது ஓரமாகவே போனார். முக்கில் ஹாரன் அடித்தார். குறுகலான பாலத்தில் எதிரே ஒரு வண்டி வந்ததும் ஓரம் கட்டி நிறுத்தி, போப்பா என்று வழி விட்டார். வழி விட்டவரை அந்த வண்டிக்காரன் பொட்டென்று சுட்டுவிட்டுப் போனான். வழி விட்டவனைச் சுடுகிற ஊர் ஒன்று உண்டா உலகத்தில்! கூட விளையாடிய முகம் தெரியாத பையன்களின் குரல் காதில் கேட்டது, "யாருய்யா அது, பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி நிக்கறாரு?" அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் அதே பையன்கள் இவரைத் தேடி வந்து கூப்பிட்டார்கள். ஏன்? அந்தத் தீவில் ஜீப்பைக் கவிழ்க்காமல் மலையேற்றி இறக்கத் தெரிந்த ஆள் வேறு எவனும் இல்லை. டிரைவர் அண்ணா டிரைவர் அண்ணா என்று ஆளாளுக்கு ஏறிக்கொண்டார்கள். குண்டு மழை பொழிகிறது, இவர் பாட்டுக்குக் கியரை மாற்றி மாற்றிப் பாறைக்கும் மரத்துக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல விட்டு, அத்தனை பேரையும் அலுங்காமல் கொண்டுபோய் இறக்கினார். ஜெயித்தார்கள்! திரையில் வாணவேடிக்கை. பெரியண்ணன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடிபட்டபின் முதல்முறையாக இடது கை அன்றுதான் தலைக்கு மேலே போனது, வலிக்கிறது என்பதே போன பிறகுதான் தெரிந்தது. ஜீப்பில் ஏறியவர்கள் எல்லாரும் உயிரோடு இறங்கினார்கள். அதை அவர் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டார். ஏறினவங்க எல்லாரும் இறங்கினாங்க.

கை முறிந்த அன்றைக்கும் எல்லாரும் இறங்கினார்கள்தான். இல்லையென்று யார் சொன்னது? வேண்டாம், அது இப்போது எதற்கு. இந்த பஸ் விளையாட்டைப் பார், மனசே, இதைப் பார். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு. முதலில் கிடைத்தது ஏதோ சீமை பஸ், இடது பக்கம் ஸ்டியரிங், ஏறுகிறவர்களெல்லாம் கோட்டுப் போட்டவர்கள். அப்புறம்தான் மௌனிகா சொன்னாள், நம்ம பக்கத்துப் பையன்கள் நம்ம ஊர் பஸ்ஸையே செய்து போட்டிருக்கிறார்கள் என்று. இறக்கிப் பார்த்தால், அய்யோ, அதே பஸ்! அதே நிறம், அதே நெற்றிப் பலகை, பிள்ளையாருக்குச் சின்னதாக ஒரு மாலை, கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழம் மிளகாய். ஹாரனை அழுத்தினால் அதே பாங்ங்ங். அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், தெருவில் போன தயிர்க்காரி ஒதுங்கி நின்றாள். எவன் பெற்ற பிள்ளையோ, ரெண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வருகிற அந்த முனகலைக்கூட விடாமல் பிடித்திருக்கிறான். மலைப்பாதையும் செய்திருக்கிறான். எந்த மலை என்று பெயர் போடவில்லை, எந்த மலையாக இருந்தால் என்ன, கொண்டை ஊசி வளைவுக்கு ஊர் பேர் கிடையாது. இதோ ஏறிக்கொண்டிருக்கிறது வண்டி. டேப்லெட்டை இடது பக்கம் சாய்த்தால் பஸ் இடது பக்கம் திரும்பும், வலது பக்கம் சாய்த்தால் வலது. முதல் வளைவு, அப்படியே வெண்ணெய் மாதிரி. அடுத்தது. அதற்கும் அடுத்தது. இடது தோள் சொன்னபடி கேட்கிறது, விரல்கள் இறுகப் பிடிக்கின்றன, பின் சீட்டில் யாரோ குழந்தை சிரிக்கிற சத்தம்கூட வைத்திருக்கிறான் பாவி. பெரியண்ணனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சந்தோஷத்தில்தான், சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். மேலே ஏற ஏறப் பனி. பனி வந்தால் அடுத்தது அந்த வளைவு.

அந்த வளைவில் எதிரே ஒரு லாரி வரும். சில நேரம் வரும், சில நேரம் வராது, அதுதான் விளையாட்டு. வந்தால் பெரியண்ணனின் கண் மூடிக்கொள்ளும். மூடாதே என்று இமையைப் பிடித்து வைத்தாலும் மூடிக்கொள்ளும், கை விறைத்து நின்றுவிடும். திறந்து பார்த்தால் பஸ் பள்ளத்தில் கிடக்கும், மீண்டும் முயலவும் என்று எழுத்து வரும். மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும். கொல்லிமலையில் யார் அப்படி எழுத்துப் போடுவார்கள்? அன்றைக்கும் பனிதான். பஸ் மேலே ஏறுகிறது, இடது பக்கம் பாறை, வலது பக்கம் அதலபாதாளம். முக்கில் ஒரு மினி லாரி, பலாப்பழம் ஏற்றியது, தன் பக்கத்தை விட்டுவிட்டு இவர் பக்கத்தில் நேராக முகத்துக்கு நேரே வந்தது. வலது பக்கம் ரோடு காலியாக இருந்தது, எவனுக்கும் கை அந்தப் பக்கம்தான் ஒடிக்கும், ஒடித்திருந்தால் அத்தனை பேரும் பள்ளத்தில். வண்டி இடது பக்கம் திரும்பிப் பாறையில் உரசிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் சுழன்று அடித்ததில் இவர் கை போனதோடு சரி, ஒருத்தருக்கும் பெரிய காயமில்லை. பலாப்பழம் ரோடெல்லாம் உருண்டது. அழுது முடித்த பொம்பளைகள் ஆளுக்கொரு பழத்தைத் தூக்கிக்கொண்டார்கள், ஒரு அம்மா முறிந்த கையோடு கிடந்த இவர் மடியிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, பழத்தின் வாசம்கூட. ஞாபகம் இல்லாதது நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடி. லாரியின் முகம் தெரிந்தது, கண் மூடிக்கொண்டது, கீச்சென்று ஒரு நீளச் சத்தம், டயராக இருக்கும், அப்புறம் பாறை. நடுவில் இருட்டு. அந்த இருட்டுக்குள் வண்டியை இடது பக்கம் ஒடித்தது யார்? அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டவன் எப்படி ஒடித்திருப்பான்? வண்டியே திரும்பியதா, மலைமேல் இருக்கிற சாமி திருப்பியதா?

சாதுரியமாக வண்டியைத் திருப்பிப் பயணிகளைக் காப்பாற்றிய டிரைவர் என்று பேப்பரில் போட்டார்கள். டிப்போவில் சால்வை போட்டார்கள். செங்கோடனும் கூட்டத்தில் நின்று கை தட்டினான். மலை ஊர்களிலிருந்து சனங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, "நீங்க இருந்ததால ஆச்சுங்க" என்று காலைத் தொடப் போனார்கள், இவர் காலை மடக்கிக்கொண்டார். பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். பணிவாவது மண்ணாவது. எனக்குத் தெரியாதுங்க, நான் கண்ணை மூடிக்கிட்டேனுங்க என்று ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. தங்கமணியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அந்தச் சால்வையை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள், அங்கே போய் எதைச் சொல்ல. லைட் டூட்டிதான் சரி. கேட் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாலும் யாரும் பள்ளத்தில் விழமாட்டார்கள். போகிற வண்டியெல்லாம் போகட்டும், வருகிற வண்டியெல்லாம் வரட்டும், மலைக்குப் போகும் வண்டி கேட்டைத் தாண்டும்போது மட்டும் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. ஆனால் அந்தக் கியர் முனகல் காதில் விழுமே. அதைக் கேட்டுக்கொண்டே எத்தனை காலம் செருப்பைப் பார்ப்பது? பெரியண்ணனுக்கு அழுகையே வந்திருக்கும், அதற்குள் வளைவு வந்துவிட்டது. நினைத்துக்கொண்டே இருந்ததில் கை தன் பாட்டுக்கு வண்டியை ஏற்றி, பனி வரைக்கும் கொண்டுவந்துவிட்டிருக்கிறது. இன்றைக்கு அவர் ஒரு காரியம் செய்தார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும். இப்படியே நின்றுவிட்டால் என்ன? லாரி வராது, பள்ளம் வராது, கேள்வியும் வராது. நேரம் ஓடுகிறது, பயணிகளின் முகம் சிவக்கிறது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை இதைத் தாண்டிவிட்டால் மலை ரூட் என்று சொல்லிவிடுவது, இல்லையென்றால் நாற்காலி. ஆமாம், அப்படித்தான். விளையாட்டை வைத்தா வாழ்க்கையை முடிவு பண்ணுவது என்று கேட்டால், பூவா தலையா போட்டுப் பார்க்கிற ஊர்தானே நம்முடையது.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. செருப்பு உதறுகிற சத்தம். "வாங்க தம்பி, உள்ள வாங்க. உங்க அண்ணன் மலையேறிக்கிட்டு இருக்கறாரு, கூப்புட்டாலும் காதுல உழுகாது" என்றாள் தங்கமணி. "ஏறட்டுமுங்க்கா, நான் சித்த நேரம் நின்னு பாக்கறேன்" என்று செங்கோடனின் குரல் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பெரியண்ணன் திரும்பவில்லை. திரும்பினால் அவன் கேட்டுவிடுவான். திரையின் கறுத்த ஓரத்தில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது, பஸ்ஸில் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் தெரிவதைப் போலவே, அதே இடத்தில். அப்படியானால் அவனுக்கும் இவர் முகம் தெரியும். போ, பெரியண்ணா. கட்டைவிரலை அழுத்தினார். வண்டி நகர்ந்தது. பனிக்குள் மூக்கை நுழைத்தது. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமில்லை. வராதே, வராதே. வந்துவிட்டது. ரெண்டு விளக்கு, நடுவில் ஒரு முகம், நேராக. கண்ணைத் திற, திறந்தே வை, பார், பார் என்று உள்ளே கத்துகிறார், இமை தன் பாட்டுக்கு இறங்குகிறது, இருட்டு, கை விறைக்கிறது, அவ்வளவுதான் முடிந்தது என்று நினைக்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கீச்சென்று ஒரு விசில். ஒரே விசில், நீளமாக. கை இடது பக்கம் ஒடித்தது. கால் தரையை மிதித்தது, கட்டைவிரல் பிரேக்கை அழுத்தியது. யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பஸ் பாறை ஓரமாக அம்சமாக நின்றிருந்தது, லாரி கடந்து போன தூசி திரையில் அடங்கிக்கொண்டிருந்தது, பின்னால் அந்தக் குழந்தை மறுபடி சிரித்தது.

பெரியண்ணனுக்குக் காதுக்குள் இன்னும் அந்தச் சத்தம் நின்றது. கீச்சென்று, நீளமாக. இந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இருட்டுக்குள் இருந்த சத்தம் இதுதான். டயர் இல்லை. இத்தனை மாசமாக டயர் டயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, குக்கர் ஒரு விசில் விட்டாலே கால் உதைத்துக்கொண்டதே, உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, இந்த மரமண்டைக்குத்தான் தெரியவில்லை. மெல்லத் திரும்பினார். செங்கோடன் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற விசிலை இன்னும் உதட்டிலேயே வைத்திருந்தான், அவன் கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு நீ ஊதுனியா?" என்றார். செங்கோடன் தலையை ஆட்டினான். "முன் சீட்டு அம்மாவுக்கு டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தனுங்ணா. நிமுந்து கண்ணாடியைப் பாத்தா உங்க கண்ணு மூடியிருக்குது. கத்துனா கேக்கமாட்டீங்கன்னு தோணுச்சு. விசிலு கேட்டா உங்க கை நிக்காதுன்னு எனக்குத் தெரியுமுங்களே. ஊதிப்போட்டேன்." பெரியண்ணன் அவனையே பார்த்தார். சால்வை போட்டபோது கூட்டத்தில் நின்று கை தட்டியவன் இவன். "ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சால்வை உனக்குத்தானடா வந்திருக்கும்" என்றார். "நான் ஊதுனதைச் சொன்னா, ஏன் ஊதுனேன்னும் சொல்லோணுமேங்ணா" என்றான் செங்கோடன். அடுப்படி வாசலில் தங்கமணி கடலைக்காய்த் தட்டோடு அப்படியே நின்றிருந்தாள். அவர் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அவளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அவள் தட்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் பெரியண்ணனின் இடது கையை ஒருதரம் அழுத்தினாள்.

அழுகிறோமா சிரிக்கிறோமா என்று பெரியண்ணனுக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் வாணவேடிக்கை, அந்தத் தீவில் ஜெயித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வண்டி தானாகத் திரும்பவில்லை. சாமி திருப்பவில்லை. இவன் ஊதினான், அவர் ஒடித்தார். எத்தனை வருஷம், எத்தனை ஸ்டாப், எத்தனை மழை, ஒவ்வொரு தடவையும் ஊதி ஒடித்து, ஊதி ஒடித்து, அத்தனையும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் வந்து நின்றிருக்கிறது. "மறுபடி மூடிக்கிட்டா?" என்று கேட்டார், குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்தது. "மறுபடி ஊதறனுங்ணா" என்றான் செங்கோடன், ஏதோ டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுப்பவன் போலச் சாதாரணமாக. ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டான். "நீங்க இல்லாத மலை வண்டியில நான் ஏறவே இல்லீங்க. டவுன் பஸ்ஸுலதான் இத்தனை நாளும். அது கெடக்குது, மேனேஜர் உக்காந்திருப்பாரு, என்னன்னு சொல்லட்டும் சொல்லுங்க." பெரியண்ணன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பனி விலகி வளைவுக்கு அப்பால் வெயில் விழுந்த ரோடு தெரிந்தது, பச்சை அம்பு மின்னி மின்னிப் போ போ என்றது, பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவர் டேப்லெட்டை ரெண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "ஏனுங்ணா, வழிதான் சும்மா கெடக்குதே, எடுங்க" என்றான் செங்கோடன். "விசில் குடுறா" என்றார் பெரியண்ணன். "நாளைக்கு மலையிலயும் நீதான குடுக்கோணும்." செங்கோடன் வாயில் இருந்த கடலையை அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, சட்டைக் கையால் விசிலைத் துடைத்து உதட்டில் வைத்து, ரெண்டு விசில் கொடுத்தான்.